பதினேழாவது மூடி

இன்னும் விழவில்லையே.

ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்து புளியமரத்தின் அடியைத் தொட்டுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். கடைத்தெருவில் வளையல் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். நிற்கட்டும். ஆனால் வந்துவிட வேண்டும்.

வரலட்சுமியின் கைகள் தம் போக்கில் வேலை செய்தன. மதுராந்தகம் தொலைபேசி நிலையத்தின் பலகையில் ஊரிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு சிறு பித்தளை மூடி. யாராவது தங்கள் போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய மூடி டக்கென்று விழும். இணைப்பைச் செருகி, எந்த எண் வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறகு மூடியை விரலால் தூக்கிவிட வேண்டும்.

ரைஸ்மில் சடையப்பனின் மூடி விழுந்தது.

"இன்னாம்மா, மெட்ராஸ் கேட்டு எம்மா நேரம் ஆவுது? மெட்ராஸ் இன்னா கடலுக்கு அந்தாண்டயா கீது?"

"லைன் கிடைக்கல சார். இருங்க."

பக்கத்து நாற்காலியில் தனகோடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பதினேழு, ஹமீது பாயின் நெல் மண்டி.

மண்டிக்குப் பின்னால்தான் வரலட்சுமியின் வீடு. சாவி, பாயின் மனைவி சைனம்புவிடம் இருக்கும். பள்ளி விட்டு வரும் மகள் சாவி வாங்கப் போகும்போது மண்டிப் போனின் கைப்பிடியை ஒரே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பேசக் கூடாது. டூட்டியில் சொந்தப் பேச்சுக்கு இடமில்லை. மூடி விழுந்தால் போதும். வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தபோது அவளுக்குத் தன்மேல் பெருமையாகக்கூட இருந்தது. வேலையையும் விடவில்லை, பிள்ளையையும் விடவில்லை. மூடி விழும் ஓசை கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பாள்.

இன்று தண்ணீர்ச் செம்பு தொடாமல் இருந்தது.

சூப்பர்வைசர் வாசுதேவன் பின்னால் வந்து நின்றார். செருப்பைத் தேய்த்து நடக்கிறவர், இன்று ஓசையில்லாமல் வந்திருந்தார்.

"வரலட்சுமிம்மா, எமர்ஜென்சியில ரயிலு மட்டுந்தான் டயத்துக்கு வருதுன்னு நெனச்சுகினு இருந்தேன். உங்க ஆர்டரும் வந்துடுச்சி. திங்கக்கெழமையிலருந்து காலை டூட்டி. மத்தியானமே வூட்டுக்குப் போயிடலாம்."

தன் வேடிக்கைக்குத் தானே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

காலை டூட்டி. எத்தனை முறை கேட்டிருப்பாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு வரை போய் அதிகாரி அறைக்கு வெளியே நின்றிருக்கிறாள். மகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த பிறகும் போய் நின்றாள். பள்ளி விடும்போது வீட்டு வாசலில் தான் இருக்க வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"சரின்னு சொல்லுங்கம்மா. சாயங்கால நேரத்துல இந்தப் பலகையையே பாத்துகினு நீங்க உக்காந்திருக்கறத என்னால தாங்க முடியல."

அவள் திரும்பவில்லை. கண் பதினேழில் இருந்தது.

டக்.

தனகோடி தலையைக் குனிந்துகொண்டாள்.

போன ஐப்பசியில் ஏரி நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கல் வழிந்தது. ஊரே பார்க்கப் போனது. அன்றும் பதினேழு சரியான நேரத்தில்தான் விழுந்தது. அன்றும் வரலட்சுமி நிம்மதியாகத் தண்ணீர் குடித்தாள்.

மகள் மண்டிக்கு வந்துவிட்டாள் என்பது மட்டும்தான் மூடிக்குத் தெரியும். புத்தகப் பையை அங்கேயே போட்டுவிட்டு வெள்ளம் பார்க்க ஓடினாள் என்பது தெரியாது. ஓடியவளை மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

துக்கம் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலையும் பதினேழு விழுந்தது.

அன்று ஒருநாள் மட்டும் இணைப்பைச் செருகிக் கேட்டாள். யாரும் பேசவில்லை. சிந்திய நெல்லைப் பொறுக்கும் குருவிகளின் சத்தம். அதற்கு இப்பால், மிக அருகில், அடக்கிய ஒரு மூச்சு.

பிறகு கேட்டதில்லை. பதினேழு விழாத நாளும் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் சைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போய்விடுகிறாள். வரலட்சுமியும் அவளை நிறுத்துவதில்லை. நிறுத்திக் கேட்டால், ஆமாம், நான்தான் என்று அவள் சொல்லிவிடக்கூடும். நான் இல்லை என்றும் சொல்லிவிடக்கூடும்.

"இன்னாம்மா சொல்றீங்க?" வாசுதேவனின் குரல் தாழ்ந்திருந்தது.

வரலட்சுமி பித்தளை மூடியை விரல் நுனியால் தூக்கிவிட்டாள். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். எனக்கு இந்த டூட்டியே இருக்கட்டும்."