கயிற்றுக்கு அந்தப் பக்கம்

“இடமில்லைன்னா இல்லைதான். கயித்தைத் தொடாதீங்க!”

டாக்ஸிக்காரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மூடிய வகுப்பறைக் கதவுக்கு முன்னால் நீலக் கயிறு கட்டியிருந்தது. அதில் ‘பொருளாதாரம் – இடமில்லை’ என்று ஓர் அட்டை தொங்கியது. பக்கத்தில் மேசை போட்டு, கோட்டை வாசலில் தளபதி உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார்.

உண்மையில் அவள் கம்ப்யூட்டர் படிப்பில் சேரத்தான் வந்திருந்தாள். சமுதாயக் கல்லூரியில் அன்றுதான் சேர்க்கைக்குக் கடைசி நாள். கம்ப்யூட்டர் வரிசையோ வராந்தாவைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, வாசலைச் சுற்றி மறுபடி மாடிக்கே ஏறிவிட்டது. அதன் வாலில் நின்றபோதுதான் இந்த அட்டை கண்ணில் பட்டது.

‘இல்லை’ என்று யாராவது சொன்னால் அவளுக்கு உள்ளங்கால் அரிக்கும். பொம்பளைக்கு லைசென்ஸ் கிடைக்காது என்றார்கள், வாங்கினாள். ஏர்போர்ட் சவாரி உனக்குச் சரிப்படாது என்றார்கள். ஊரில் பாதிப் பேரை அவள்தான் விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

அன்று காலையில்கூட அவள் புருஷன் காபி சிந்தச் சிந்தச் சிரித்தான். “முப்பத்தெட்டு வயசுல உனக்கு யாருடி சீட் தரப்போறா? போயிட்டு வெறுங்கையோட வா, பாக்கறேன்.” வெறுங்கையோடு அந்த வீட்டுப் படியேறுவதைவிட, வண்டியை அப்படியே கண்காணாத தேசத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

“அப்படி என்ன மேடம் உள்ள இருக்கு?”

“அதையேன் கேக்கறீங்க? பேங்க்காரங்க கேக்கறாங்க, இன்சூரன்ஸ்காரங்க கேக்கறாங்க. மணிக்கு ஒரு தரம் விமான டிக்கெட் விலையை மாத்தறாங்களே, அந்த வேலைக்கும் இங்கருந்துதான் ஆள் போகுது. ரெண்டு வருஷம் இங்க முடிச்சா, யூனிவர்சிட்டியில நேரா மூணாம் வருஷம்.” மேடம் வாயைக் கையால் மூடிக் கொட்டாவி விட்டார். “உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலைவலி? கம்ப்யூட்டர் வரிசையிலயே நில்லுங்க. பாவம், அவங்க யாரை வேணும்னாலும் சேத்துக்குவாங்க.”

அந்தப் ‘பாவம்’ டாக்ஸிக்காரியின் காதில் ஆணி மாதிரி இறங்கியது.

“மேடம், மழை பெஞ்சா என் வண்டிக்கு ரேட்டு ரெண்டு மடங்கு ஏறுது. நான் ஏத்தலை. எங்கயோ ஏசி ரூம்ல ஒருத்தன் உக்காந்து ஏத்தறான். அவன் என்ன படிச்சிருப்பான்?”

“இதைத்தான்.”

“அப்போ எனக்கும் இதுதான் வேணும்.”

“சொன்னேனேம்மா, உக்கார இடமில்லை.”

“நின்னுட்டே படிக்கறேன். நாள் பூரா வண்டியில உக்காந்து இடுப்பு செத்துப்போச்சு. நின்னா எனக்கு நல்லதுதான்!”

அவள் குரல் எழும்ப எழும்ப, கம்ப்யூட்டர் வரிசையின் வால் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க்க இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

கம்ப்யூட்டர் ஹாலில் சந்தை இரைச்சல். இந்தக் கதவுக்குப் பின்னாலோ ஒரு தும்மல் இல்லை, ஒரு செருமல் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் இப்படித்தான் கமுக்கமாக இருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

“எனக்குச் சீட் எழுதற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். வேணும்னா போலீசைக் கூப்பிடுங்க. அவங்க குடும்பத்தையெல்லாம் ஏர்போர்ட்ல விடறதும் நான்தான்!”

மேடம் நெற்றியைத் தேய்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில், பரம்பரைச் சொத்தை எழுதிக் கொடுக்கிறவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

“ஒரே ஒரு ஆள். உங்களுக்கு மட்டும். சத்தம் போடாம கையெழுத்துப் போடுங்க.”

புருஷன் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு டாக்ஸிக்காரி கையெழுத்துப் போட்டாள். போட்ட வேகத்தில் காகிதத்தோடு மேசையிலும் அவள் பெயர் பதிந்திருக்கும்.

“அது எப்படிங்க, அவங்களுக்கு மட்டும்?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, கயிற்றைத் தூக்கி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே முப்பது நாற்காலிகள். முப்பதும் காலி. கரும்பலகையில் போன வருஷத்துத் தேதி.

பின்னாலேயே வந்த மேடம் கதவை ஒருக்களித்தார். தளபதியின் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “மத்தியானத்துக்குள்ள பதினஞ்சு பேர் சேரலைன்னா இந்தப் படிப்பையே மூடிடறாங்கம்மா. காலையிலருந்து நீங்க ஒருத்திதான் வந்திருக்கீங்க. நான் சொன்ன வேலையெல்லாம் சத்தியமா நிஜம். அந்த அட்டை மட்டும்தான் பொய்.”

டாக்ஸிக்காரி முப்பது நாற்காலிகளையும் பார்த்தாள். கொட்டுகிற மழையில், ரெண்டு மடங்கு ரேட்டுக்கும் சரி என்று சாலை நடுவில் நின்று கையை ஆட்டுகிற கூட்டம் நினைவுக்கு வந்தது.

அதற்குள் வெளியிலிருந்து ஒருவர் கயிற்றுக்கு மேலே கழுத்தை நீட்டினார். “அக்கா, உள்ள இன்னும் ஒரு இடமாவது இருக்குமா?”

அவள் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதன் குறுக்கே நின்றாள்.

“இடமில்லைன்னா இல்லைதான். கயித்தைத் தொடாதீங்க!”