மூப்பரின் மூக்கு

கொடிமுந்திரிகைப் பந்தலுக்குள் நுழைந்த பின்னேர வெயில் பழைய சாராயப் போத்தலில் பட்டு, உள்ளே இருக்கும் வைன் சிவந்து எரிகிறது. நாளை முள்ளிவாய்க்கால் கோயில் பெருநாள். கொழும்பிலிருந்து வரவேண்டிய பூசை வைன் வவுனியாவில் ஆமியின் தடையில் மறிபட்டுக் கிடக்கிறது. இந்தப் பந்தல் திராட்சையில் ஞானசீலி வடித்த இந்தப் போத்தல் பீடமேறாவிட்டால் பூசையில்லை. அதைச் சோதித்துவரப் பங்குச் சுவாமி அனுப்பிய கோயில் மூப்பர் மனுவேற்பிள்ளை, உரோமாபுரியே தன்னை அனுப்பியதுபோலக் கதிரையில் நிமிர்ந்திருக்கிறார். யூரியாவுக்கும் தடை என்பதால் கொடிக்கு மீன் குடலும் சாம்பலும்தான் பசளை. அடியில் இலையான்கள் மொய்த்து இரைகின்றன. “சீனி போட்டனியோ, பிள்ளை?” “சீனியோ? தேத்தண்ணிக்கே பனங்கட்டிதான், மூப்பர்.” அவர் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடுகிறார். “மீன் வெடுக்கு அடிக்குது. திவ்விய பலிக்கு ஆகாது. தடை திறக்குமட்டும் பொறுப்பம்.” ஞானசீலிக்குக் கோபம் உச்சியில் ஏறுகிறது. “ஆண்டவர் ஆரோடை திரிஞ்சவர்? மீன்பிடிச்ச பேதுருவிலை வெடுக்கு அடிக்கேல்லையோ? ஆமி திறந்துவிட்டால்தான் எங்களுக்குப் பெருநாளெண்டால், பூசையையும் அவனையே வைக்கச் சொல்லுங்கோ!” மூப்பர், “இன்னொருக்காப் பாத்தால்தான்…” என்று கிளாசை நீட்டுகிறார். அரைக் கிளாஸ் வெடுக்கின்றி இறங்குகிறது. மூன்றாம் முறையும் நீளும் கையை விலத்தி, அவள் போத்தலை அடைப்பானால் குத்தி இறுக்குகிறாள். “மிச்சம் ஆண்டவருக்கு.” சீலைத் தலைப்பால்கூட மூடாமல், தெருவெல்லாம் பார்க்கட்டும் என்று அதை இடுப்பில் ஏந்திக் கோயிலுக்கு நடக்கிறாள். வேட்டியை மடித்துக் கட்டியபடி மூப்பர் பின்னால் ஓடுகிறார்: “பாத்துப் போ பிள்ளை, கால் தடக்கும்! பூசை வைனெல்லோ!”