ஆயில் எங்கே போகிறது?

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல சார். கீழ ஒழுகல, பொகையும் வரல. ஆயில் எங்க போவுதுன்னு எனக்கே பேஜாரா கீது," என்றார் மெக்கானிக் ஷாகுல்.

ஸ்ரீரங்கன் விடுவதாக இல்லை. சேலையூரில் உள்ள இதே பட்டறையில்தான் தன் பழைய ஃபியட் காருக்கு வேறு எஞ்சின் மாற்றியிருந்தார். அன்றிலிருந்து ஆயில் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதோட சரி. மத்த நாளெல்லாம் ட்ரெயின்ல கிண்டி ஆபீஸுக்குப் போயிடறேன். சும்மா நிக்கற வண்டி எப்படிய்யா ஆயில் குடிக்கும்?"

"கிலோமீட்டர் கேபிளு அறுந்து கெடக்குது, மாட்டிக் குடுக்கறேன்னாலும் வாணாங்கறீங்க. ஓட ஓட ஆயில் கொறையத்தான் செய்யும்; வண்டி எவ்ளோ ஓடிச்சின்னு தெரிஞ்சாத்தான சார் கணக்கு?"

"ஓடினாத்தானே!"

"அப்ப பேசாம வித்துடுங்க சார்."

"காரணம் தெரியாம விக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல். "எவனோ பகல்ல வந்து ஆயிலை உறிஞ்சறான். பிடிக்காம விடப்போறதில்லை."

"விடுங்கோ. ஒரு டப்பா வாங்கி ஊத்தினா ஆச்சு," என்றாள் மனைவி சுந்தரவல்லி.

மறுநாள் காலை வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பினார். கிண்டி வரை போய், அப்படியே எதிர் ரயிலில் தாம்பரம் திரும்பினார். தெருமுனையிலிருந்தே பூனைபோல் நடந்து வந்தார்.

ஷெட் காலியாக இருந்தது. வீடு பூட்டியிருந்தது.

ஆயில் திருடன் காரையே கொண்டுபோய்விட்டான். போலீஸுக்குப் போக அவர் திரும்பியபோது, ஃபியட் தெருவுக்குள் வந்தது. ஒரே திருப்பில் ஷெட்டுக்குள் சரியாகப் போய் நின்றது.

ஸ்டியரிங்கில் சுந்தரவல்லி. பின் சீட்டில், தலையணைகளுக்கு நடுவே ஒரு குழந்தை.

"நீ... உனக்கு எப்போ..."

"ஸஹானாதான் கத்துக்கொடுத்தா." அவள் இறங்கி நின்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் தன் இஷ்டப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டு போன மகள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்பது ஸ்ரீரங்கன் போட்ட உத்தரவு.

"நாவலூர்ல வேலைக்குத் திரும்பிட்டா. குழந்தையை யார்கிட்ட விடுவா? தினம் காலையில போய் அழைச்சுண்டு வரேன். நீங்க வரதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடறேன்." கார் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் போவேன்."

ஸ்ரீரங்கன் பின்கதவைத் திறந்தார். பேரன் அவரையே பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான். அவர் தூக்கிக்கொண்டார்.

உள்ளே போய், மின்விசிறிக்குக் கீழே அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் கேட்டார்: "அது சரி, பெட்ரோல் ஒருநாளும் குறையலையே?"

"அதைத்தான் அப்பப்போ போட்டுடுவேனே," என்றாள் சுந்தரவல்லி. "ஆயிலும் போடணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரலை."