கூட வந்தவர்

"டாக்டர், இவன்தான் என் தம்பி. நடுவழியில ஓடிடக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்" என்று தம்பியைத் தோளில் அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தான் அண்ணன்.

தம்பியின் கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை. அறைக்கு வெளியே யாரோ வலியில் முனகுவதும், நர்ஸ் அதட்டுவதும் கேட்டன.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று அவனைக் கேட்டார் டாக்டரம்மா.

"வெல்டர்" என்றான் அண்ணன். "நான் ஸ்கூல் வேன் ஓட்டறேன். நேத்து ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா, இவன் வாசல்ல வந்து நின்னு ஓன்னு அழறான். 'ரொம்ப நாளா மறைச்சுக் குடிக்கறேண்ணே, என்னால விட முடியல, எங்கயாவது கூட்டிட்டுப் போ'ங்கறான். எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு."

"எவ்வளவு நாளா?"

அதற்கும் அண்ணன்தான் பதில் சொன்னான். ஆஸ்பத்திரியில் எப்போதுமே அப்படித்தான். நோய் ஒருவருக்கு, பேச்சு கூட வந்தவருக்கு.

"வருஷக்கணக்கா இருக்கும் டாக்டர். இவனோட போச்சுன்னா பரவால்ல. நெருப்போட வேலை. ஒரு நிமிஷம் கை தவறினா பக்கத்துல நிக்கிறவன் உயிர் போயிடும். அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கழுவறது?" அண்ணனின் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. தம்பி பிறந்தபோது தூக்கிச் சுமந்தவன் அவன்தான்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மனசுல உறுதி இருந்தா வீட்டிலயே சட்டுனு நிறுத்திட முடியாதா டாக்டர்?"

"கூடாது. குடிச்சுப் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. வலிப்பு வரலாம். இல்லாதது பொல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். முதல் கொஞ்ச நாள் இங்க படுத்தா, அதுக்கான மருந்து கொடுத்து நாங்க பார்த்துக்குவோம்."

"நிஜம்தான். விட்டுப் பார்த்தா காலையில பல் விளக்கற பிரஷைக்கூடப் பிடிக்க முடியாது. ஒரு மடக்கு உள்ள போனாத்தான் நடுக்கம் நிக்கும்."

"ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"இல்லைங்க. இவன் வீடு ரெண்டு தெரு தள்ளி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்புறம் மாத்திரை இருக்கு. குடிக்கணும்ங்கற வெறியைக் குறைக்க ஒண்ணு. இன்னொண்ணு, அதைப் போட்டுக்கிட்டுக் குடிச்சா உடம்பைப் புரட்டி எடுத்துடும். ஆனா அது ஆபத்தான மருந்து, சாப்பிடறவருக்குத் தெரிஞ்சுதான் தரணும். காபியில கலக்கற வேலையெல்லாம் வேண்டாம். மாத்திரை மட்டும் பத்தாது, மனசு விட்டுப் பேசணும். விட்டவங்க எல்லாம் சாயங்காலம் ஒண்ணா உட்கார்ந்து பேசுவாங்க, அங்கயும் வரணும்."

"அங்க சொந்தப் பேரைச் சொல்லணுமா?"

"இஷ்டம் இருந்தா சொல்லலாம்."

"வேலை பார்க்கிற இடத்துக்குத் தெரிஞ்சுடுமா?"

"எங்க வாயிலேருந்து போகாது."

அண்ணன் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவனுக்கு விரல் நுனிவரை ஆடியது.

"சரியாகிப் போனவங்க மறுபடி விழறதில்லையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"விழறவங்களும் உண்டு. வெட்கப்படாம மறுபடி வரணும், அவ்வளவுதான்."

அண்ணன் மேஜையில் கையை ஊன்றினான். "சேர்த்துக்குங்க டாக்டர். இன்னைக்கே. நாளைக்குன்னு தள்ளினா மனசு மாறிடும், எனக்குத் தெரியும். வீட்டைப் பத்தி இவன் கவலைப்பட வேண்டாம், நான் இருக்கேன்."

"சேர்றவர் அவரே சம்மதிக்கணும்" என்ற டாக்டரம்மா தம்பியின் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னும் வாயே திறக்கலையே. கடைசியா எப்போ குடிச்சீங்க?"

"நான் குடிக்கறதில்ல டாக்டர்."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பார்த்தீங்களா! நேத்து அந்த அழுகை அழுதவன், இங்க வந்ததும் பிளேட்டைத் திருப்பறான். டேய், இது நம்மளை மாட்டிவிடற இடம் இல்லடா. உண்மையைச் சொல்லு. நீ நல்லா இருக்கணும்னுதானே வந்திருக்கோம்?"

தம்பி முதன்முறையாகத் தலையைத் தூக்கினான்.

"உண்மையைத்தாண்ணே சொல்றேன். கண்ணு சிவந்திருக்கிறது வெல்டிங் வெளிச்சத்துல. நேத்து அழுதது நிஜம், குடிக்கறேன்னு சொன்னதுதான் பொய். எனக்காகன்னாத்தான் நீ இந்த வாசப்படி ஏறுவேன்னு தெரியும்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேஜைமேல் இருந்த அவன் கையைத் தம்பி தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அப்போதும் அது நடுங்கியது.

"என் பொண்ணு உன் வேன்ல ஏறப் பயப்படறாண்ணே."