பாதியில் நின்ற படம்

“ஏன் புள்ள நிப்பாட்டின? இப்பதானே கதை சூடு பிடிக்கிது!” என்று சத்தம் போட்டாள் அன்னப்பூரணி.

ரிமோட் கஜானியின் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடியிருந்து பார்த்த படம். வேலை முடிந்து தனியே நடந்துவரும் ஒரு பெண்ணின் பக்கத்தில் ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளேயிருந்து நாலு பேர் இறங்கினார்கள். அவ்வளவுதான், கஜானி பாய்ந்து நிறுத்திவிட்டாள்.

“படம்தானேக்கா,” என்றான் அன்னப்பூரணியின் மகன் நிதுர்ஷன். “அந்தக் கட்டத்தைப் பார்த்தாத்தான் கடைசியில ஹீரோ அடிக்கக்குள்ள நமக்கும் ஒரு வெறி வரும்.”

“பொழுதுபட்ட நேரம் தனிய வந்தா வேற என்ன நடக்கும்? அவளுக்கும் புத்தி வேணும்,” என்றாள் அன்னப்பூரணி, திரையில் வந்தவள் அடுத்த வீட்டுக்காரி என்பதுபோல.

“எனக்குப் பார்க்க ஏலா பெரியம்மா. வேற ஏதும் போடுறன்,” என்றாள் கஜானி.

அவளுடைய புருஷன் விஜிதரன் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டான்.

கஜானியின் தாய் கேதீஸ்வரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், நல்ல மனுஷன். பொண்டாட்டியைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று ஒதுங்கிப் போகிறான் என்று நினைத்தாள்.

இது முதல் தரமில்லை. எந்தப் படத்தில் அப்படி ஒரு கட்டம் வரப்போகிறதென்று தெரிந்தாலும் மகள் நிறுத்திவிடுவாள். வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போகுமுன் அவள் இப்படி இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் பார்க்கிறவள். திரும்பி வந்து, கலியாணமும் முடித்த பிறகுதான் இந்தப் பழக்கம்.

தேத்தண்ணி ஊற்றப் போன கேதீஸ்வரியின் பின்னாலேயே குசினிக்குள் வந்தாள் அன்னப்பூரணி.

“தங்கச்சி, அக்கா சொல்றனெண்டு கோவிக்காத. குவைத்தில இவளுக்கு என்னமோ நடந்திரிக்கு. பழுகாமம் ஊர் முழுக்க அப்பிடித்தான் கதைக்கிது. மருமகன் இண்டைக்குப் பொறுப்பார். நாளைக்கும் பொறுப்பாரா?”

ஊற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கேதீஸ்வரி அப்படியே கீழே வைத்தாள். மகளைக் குவைத்துக்கு அனுப்பியவளே அவள்தான். புருஷன் செத்துக் கூரை இல்லாமல் நின்ற வீட்டைக் கட்டி முடிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ‘ஏலாதம்மா’ என்று அழுத பிள்ளையைத் தேற்றி வேனில் ஏற்றிவிட்டது இன்னமும் கண்ணுக்குள் நின்றது.

தமக்கையும் மகனும் போனதும் கஜானியை இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“மகள், அம்மாட்டச் சொல்லுகா. அந்த வீட்டுக்காரன் உன்ன என்ன செய்தவன்?”

“ஒண்டும் செய்யல்லம்மா. எத்தின தரம் சொல்லிட்டன்?”

“பின்ன ஏன் அந்தப் படங்களைக் கண்டாப் பதறுற?”

கஜானி கிணற்றடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

“எனக்கு... அது பிடிக்கிறல்ல. அவ்வளவுதான்.”

பிள்ளை தன்னை நோகடிக்கப் பயந்துதான் மறைக்கிறாள் என்று தாய்க்கு உறுதியாகிவிட்டது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மருமகனோடு அவள் முகம் பார்த்துப் பேசியதே குறைவு. எது சொல்வதென்றாலும் மகளிடம்தான் சொல்லிவிடுவாள். இன்றைக்கு நேரே போய் அவன் முன்னால் நின்றாள். கிணற்றுக்கட்டில் இருந்த விஜிதரன் பதறி எழுந்தான். முகமெல்லாம் தண்ணீர். முகம் கழுவியிருப்பான்போல.

“மருமகன், உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் அவளைக் கைவிடாம வச்சிரிக்கிறீங்க. அந்த நல்ல மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறன்?” அவள் கை கூப்பினாள்.

“மாமி! என்ன இது, கையை இறக்குங்க. என்ன கதைக்கிறீங்கெண்டு எனக்கு விளங்கல்ல.”

“குவைத்தில அவளுக்கு நடந்ததைத்தான். ஊர் என்ன கதைச்சாலும் அவளை விட்டுட்டுப் போயிராதீங்க. பிழை அவளில இல்ல. கூரைக்கு ஆசைப்பட்டு நான்தான் என்ட புள்ளையக் கொண்டுபோய்த் தள்ளினன்.” சொல்லிக்கொண்டே நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டாள்.

விஜிதரன் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினான்.

“மாமி, கேளுங்க. அவளுக்கு அங்க ஒண்டும் நடக்கல்ல. அவள் சொன்னது உண்மை.”

“என்னத் தேத்திறதுக்குச் சொல்றீங்க. அப்பிடியெண்டா அவள் ஏன் ஒவ்வொரு தரமும் பாய்ஞ்சு போய் டிவிய நிப்பாட்டுறாள்?”

அவன் அவளுடைய கையை விட்டான். வீட்டுப் பக்கம் பார்த்தான். கஜானி வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். ‘வேணாம், சொல்லாதீங்க’ என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“அவள் சொல்லமாட்டாள் மாமி. நான்தான் சத்தியம் வாங்கினன்.” அவன் மாமியின் பக்கம் திரும்பினான். “ஆனா அதுக்காக அவளை ஊர் கதைக்கிறதையும், நீங்க நெஞ்சில அடிக்கிறதையும் பார்த்திட்டு என்னால இரிக்க ஏலா.”

“என்ன மருமகன் சொல்றீங்க?”

“அவள் நிப்பாட்டுறது எனக்காக மாமி. நடந்தது எனக்குத்தான்... பத்து வயசில, ஐஞ்சாம் ஆண்டு படிக்கக்குள்ள.”