ஐந்தாவது இலை

"பந்தியில இலை போடறோம்ல, அந்த மாதிரிதான் இது," என்றான் பாலகுரு. "ஆளு வர்றதுக்கு முன்னாடியே அஞ்சு இலைய வரிசையாப் போட்டுடணும். அதுக்குத்தான் 'டிம்'னு ஒரு கட்டளை. அப்பறம் ஒவ்வொருத்தரா வாங்க, வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வைக்கணும். அதுக்கு 'இன்புட்'."

பெஞ்சிலிருந்த மூன்று பேரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். எண்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, காரைக்காலில் ஒரு வளையல் கடை மாடியில் அவன் திறந்த கம்ப்யூட்டர் சென்டர் அது. இருப்பது ஒரே மெஷின். அதற்குத் திரை ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி. முறை வைத்துத்தான் உட்கார வேண்டும்.

வீட்டிலிருக்கும் ஐந்து பேரின் பெயரை மெஷின் ஒவ்வொரு கேள்விக்குறியாகப் போட்டுக் கேட்க வேண்டும். கேட்டதையெல்லாம் மனசில் வைத்திருந்து கடைசியில் வரிசையாகக் காட்ட வேண்டும். அதுதான் பாடம்.

முதலில் உட்கார்ந்த காஜா மைதீன் ஐந்து பெயரையும் அடித்தான். திரையில் அவன் கடைசித் தங்கச்சி பெயரே ஐந்து தடவை வந்து நின்றது.

"ஒங்க வூட்டுல எல்லாருக்கும் ஒரே பேரா?" என்றாள் சஃபியா.

பாலகுரு சிரித்தான். "நம்பர் போட்டு தனித்தனி இலையில உக்கார வைக்கல. எல்லாரையும் ஒரே இலைக்குக் கூப்பிட்டா, புதுசா வர்றவரு முன்னாடி இருந்தவர எழுப்பி விட்டுடுவாரு."

"புதுசு வந்தா பழசு போயிடும்," என்றாள் அல்லி. "அது எனக்குத் தெரியும் சார்."

பாலகுரு கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமானது.

அல்லி நெடுங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சேர வந்த அன்று அப்பா கருப்பையன் கூட வந்திருந்தார். அவர் பாலகுருவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மற்றவர்கள் எதிரில், எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்க வேண்டியிருந்தது. எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்றான்.

"இந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும் சார்," என்றாள். அந்தச் சாரில் ஓர் அழுத்தம் இருந்தது.

இப்போது அவள் முறை. அப்பா, அம்மா அஞ்சுகம், தம்பி சுப்பையன், பிறகு தன் பெயர் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். ஐந்தாவது கேள்விக்குறி வந்ததும் விரல் நின்றுவிட்டது.

கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் பெயரா என்று சஃபியா விசாரித்தாள். அல்லி தலையசைத்தாள். அவர் எங்கே, பிரான்ஸிலா என்று அடுத்த கேள்வி வந்தது.

"அதுக்கும் அந்தாண்ட. போனவரு இன்னும் வரல."

"புருஷன் பேர வாயாலதானக்கா சொல்லக் கூடாது," என்றான் காஜா மைதீன். "கையால அடிச்சா யாரு என்ன சொல்லப் போறா?"

அவள் சிரித்தாள். பெயர் எதுவும் அடிக்காமல் எண்டரை மட்டும் தட்டினாள். நாலு பெயர் வந்தது. அதற்குக் கீழே ஒரு வெற்று வரி.

"காலியாவே ஏத்துக்கிடுச்சே," என்று திரும்பினாள். "ஆளு வரலைன்னா இலைய எடுத்துடுமா சார்?"

"எடுக்காது. ஆளு வர்ற வரைக்கும் இலை அப்படியே இருக்கும்." சொல்லிவிட்டு அவன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெஷினை நிறுத்தினால் அடித்ததெல்லாம் போய்விடும். அதனால் வந்த நாளெல்லாம் அவள் முதலிலிருந்து அடித்தாள். ஒவ்வொரு நாளும் ஐந்தாவது இடத்தைக் காலியாகவே விட்டாள். பாலகுரு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் அந்த ஒரு வரியைப் பார்ப்பான்.

எல்லோரும் போன பிறகு அவள் உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்காருவான். அதே புரோகிராமை ஓட்டி, அதே நாலு பெயரை அடிப்பான். ஐந்தாவது கேள்விக்குறியில் அவன் விரலும் நின்றுவிடும். அது அவன் அடித்துக்கொள்ளக்கூடிய பெயர் இல்லை. அவள் அடிக்க வேண்டும்.

வகுப்பு முடிகிற நாள் வந்தது. சஃபியாவும் காஜா மைதீனும் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அல்லி மட்டும், 'ஒரே ஒரு தடவை சார்,' என்று கேட்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

புரோகிராமில் ஐந்து என்று இருந்த இடத்தையெல்லாம் அழித்துவிட்டு இரண்டு என்று போட்டாள்.

 இத்தனை நாளாகப் பாலகுரு பார்த்துக்கொண்டிருந்த இலையை அவளே எடுத்துவிட்டாள்.  ஜன்னல் பக்கம் போய் நின்றான். கீழே வெயிலில் ஒரு டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருப்பையன் நின்றிருந்தார். அவளை ஊரை விட்டே அனுப்புகிறார்களா? எங்கே?

முதுகுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம் நிதானமாகக் கேட்டது. பிறகு நின்றது.

"சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

திரும்பினான். திரையில் ஆங்கில எழுத்தில் இரண்டே வரி. முதல் வரியில் அல்லி. அதற்குக் கீழே, பாலகுரு.

"நம்ம வீட்டுல ரெண்டு பேருதானங்க," என்றாள் அவள், சார் என்பதை விட்டுவிட்டு. "தாலி கட்டுன கையோட என்னை அப்பா வீட்டுல விட்டுட்டு, மெட்ராஸ்ல இந்தப் பெட்டியோட குடும்பம் நடத்துனீங்களே, அதுக்குள்ள எனக்கும் ஒரு இலை இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன், அப்பா வெயில்ல நிக்கிறாரு, வீட்டுச் சாவியக் குடுங்க."