'ங்க' போடாத ஆள்

கோயமுத்தூரில் தங்குவதற்கு அங்கப்பன் நாலு மாதமாக ஒரு பைசா செலவழிக்கவில்லை. அதற்காக அவன் செய்ததெல்லாம் ஒன்றுதான். பேச்சில் 'ங்க' போடுவதை நிறுத்தினான்.

ஈரோட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு விற்பனையாள் அவன். வாரத்துக்கு ஒரு ராத்திரி கோயமுத்தூரில் தங்கல். ரூமுக்குக் கம்பெனி பேட்டா கொடுக்கும், பில் கேட்காது.

முதல் தடவை தானாக நடந்தது. பழனியில் போட்ட மொட்டை கட்டையாக முளைத்திருந்த சமயம். மீசை ஏற்கெனவே பெரிசு. காலில் கம்பெனி கொடுத்த பிரவுன் ஷூ. ரயிலைவிட்டு இறங்கி எதிரே இருந்த லாட்ஜுக்குள் நுழைந்ததும் மேனேஜர் எழுந்து நின்றார்.

"ஸ்டேஷன்ல இருந்துங்களா?"

"ஆமா" என்றான். ரயில்வே ஸ்டேஷனில் இருந்துதானே வந்தான்?

புது சோப்பு வந்தது. டீ வந்தது. காலையில் அவன் பர்ஸை எடுத்தபோது மேனேஜர் பதறிப்போனார். "ஐயாகிட்டப் போயி வாடகை வாங்குவமுங்களா?"

அப்போதுதான் அங்கப்பனுக்கு விளங்கியது. உள்ளே போன பர்ஸ் அதற்குப் பிறகு அந்த லாட்ஜில் வெளியே வரவே இல்லை. அங்கே அவன் 'எஸ்.ஐ. ஐயா' ஆகிவிட்டான்.

முடியை ஒட்ட வெட்டிக்கொள்வது சுலபம். பேச்சுதான் படுத்தியது. தெருநாயைக்கூட "போங்க" என்று விரட்டுகிற வாய் அது. போலீஸ்காரன் 'ங்க' போட மாட்டான் என்பது அங்கப்பன் கண்டுபிடித்த சட்டம். கண்ணாடி முன்னால் நின்று, "சாவி எடு. டீ சொல்லு. ஃபேனைப் போடு" என்று பழகினான். மிச்சமான பேட்டாவில் வீட்டில் கலர் டிவிக்குத் தவணை ஓடியது. மாட்டினால் டிவி மட்டும் போகாது, வேலை போகும். போலீஸ் என்று ஏமாற்றியதற்கு ஜெயிலும் உண்டு. அது அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கவுன்டரில் காளிச்சாமி இருந்தார். பழைய மேனேஜர் விலகி, இவர் வந்து பத்து நாள்தான். இன்னும் எந்தச் சாவி எந்த ஆணியில் என்று தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்ங்க. ரூம் ரெடிங்க, சுடுதண்ணி ரெடிங்க."

"சாவி எடு" என்றான் அங்கப்பன்.

"ஏனுங்க சார், ஏழாம் நம்பர்ல ஒரு இன்ஸ்பெக்டர் ஐயா வந்திருக்கறாருங்க. எஸ்.ஐ. வந்தா உடனே பாக்கோணும்னு சொன்னாருங்க."

"அவசர வேலை இருக்கு. அப்புறம் பார்க்கறேன்" என்று அங்கப்பன் வாசல் பக்கம் திரும்பினான்.

"ஐயா கோவிச்சுக்குவாருங்க. வாங்க, நானே கூட்டிட்டுப் போறனுங்க" என்று வழியை மறித்த மாதிரி வந்து நின்றார் காளிச்சாமி.

ஏழாம் நம்பர்தான் லாட்ஜின் ஒரே ஏ.சி. அறை. உள்ளே கட்டிலில் லுங்கியோடு ஓர் ஆள். ஒட்ட வெட்டிய தலை, அங்கப்பனைவிடப் பெரிய மீசை. ஆணியில் அகலமான பெல்ட் தொங்கியது.

"எந்த ஸ்டேஷன்?"

"சிங்காநல்லூர்."

"அங்க இப்ப இன்ஸ்பெக்டர் யாரு?"

"புதுசா வந்திருக்கறாருங்க" என்றான் அங்கப்பன்.

விழுந்தேவிட்டது 'ங்க'.

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்தார். பிறகு காளிச்சாமியிடம், "நீ போ. ரெண்டு டீ சொல்லு" என்றார்.

"சரிங்க" என்று காளிச்சாமி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க."

அங்கப்பன் நிமிர்ந்தான். இன்ஸ்பெக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்களுமுங்களா?" என்றான் அங்கப்பன்.

"மெதுவாப் பேசுங்க. எனக்குச் சோமனூருங்க. பேரு ரவிக்குமாருங்க. தறிக்கு ஸ்பேர் விக்கறனுங்க."

"எத்தன நாளாங்க?"

"ஒரு வருசமுங்க. மொதல்ல எஸ்.ஐ.யாத்தான் இருந்தனுங்க. ஏ.சி. ரூமுக்காக இன்ஸ்பெக்டர் ஆயிட்டனுங்க."

அங்கப்பனுக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அப்பறம் ஏனுங்க என்னையக் கூப்புட்டு உட்டீங்க? உசுரே போயிருச்சு!"

"நான் எங்கீங்க கூப்புட்டன்? எஸ்.ஐ. ஐயா என்னையப் பாக்கோணுங்கறாருன்னு அந்தாளுதானுங்க சொன்னாப்டி. நானே நடுங்கிட்டு உக்காந்திருக்கறன்."

"ரெண்டு போலீசைச் சேத்து வெச்சா நல்ல பேரு கெடைக்கும்னு நெனச்சிருப்பாருங்க."

"பாவமுங்க. வாயத் தொறந்தா 'ங்க'தான். அவரெல்லாம் போலீஸ் வேசம் போட்டா ஒரு நாளைக்குத் தாங்காதுங்க."

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. காளிச்சாமி நின்றிருந்தார். கையில் டீ இல்லை.

"டீ எங்கய்யா?" ரவிக்குமார் சட்டென்று மறுபடி இன்ஸ்பெக்டரானான்.

"ஸ்டேஷன்ல வாங்கித் தரேன். ரெண்டு பேரும் ஜீப்புல ஏறு" என்றார் காளிச்சாமி, ஒரு 'ங்க' கூட இல்லாமல்.